ஆறு கிலோ, ஒரு குதிரை

எங்கள் வீட்டுப் பரணில், கொலு பொம்மைப் பெட்டிக்கும் மனைவியின் சீர்வரிசை அண்டாவுக்கும் நடுவே ஒரு சைலன்சர் படுத்திருக்கிறது. கிழிந்த வேட்டியில் சுற்றி, சணல் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். விலை ரூ.45,000. ஒரே ஒரு நாள் மாட்டியது. "என்னடி அது?" என்று மாமியார் கேட்டபோது, "பழைய கீசர் பைப்பும்மா" என்று சொல்லிவிட்டாள் என் மனைவி. மாப்பிள்ளையின் மானத்தைக் காப்பாற்ற அதைவிட நல்ல பொய் அவளுக்குக் கிடைக்கவில்லை.

ஐம்பது வயதில் சிலருக்குச் சர்க்கரை வருகிறது. சிலருக்கு ஆன்மிகம் வருகிறது. எனக்கு பைக் வந்தது. செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் பைக். முந்நூற்றுச் சொச்சம் சி.சி., ஒற்றை சிலிண்டர், 43 குதிரைச் சக்தி. பெயர் வேண்டாம். சொன்னால் கம்பெனிக்காரர்கள் காசா தரப் போகிறார்கள்?

மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "வேகமாப் போகணும்னா அதுக்குன்னு ஒரு இடம் இருக்காமே... அங்க போய்ப் போங்க. ஈ.சி.ஆர். பக்கம் உங்க வண்டியைப் பார்த்தேன்னு யாராவது சொன்னா, மறுநாளே வித்துடுவேன்."

அதற்கென்று இடம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் டிராக். கிளப் ஆரம்பித்தது 1953-ல். இந்த டிராக் 1990-லிருந்து இருக்கிறது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவு. அதற்கு முன்னால் மெட்ராஸில் ரேஸ் என்றால் சோழவரம்தான். போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுதளத்தில் மோட்டார் சைக்கிள்கள் பறக்கும்.

அங்கே 'டிராக் டே' என்று ஒன்று நடத்துகிறார்கள். பணம் கட்டிவிட்டு உங்கள் சொந்த வண்டியை இருபது நிமிஷம், இருபது நிமிஷமாக ஓட்டலாம். போட்டி கிடையாது, கோப்பை கிடையாது. எதிரில் தண்ணி லாரி வராது, குறுக்கே மாடு வராது, ராங் சைடில் ஷேர் ஆட்டோ வராது. ஓரமாக ஓர் ஆம்புலன்ஸ் மட்டும் நமக்காகவே காத்துக்கொண்டிருக்கும்.

முதல் டிராக் டேக்குப் பேர் கொடுத்ததுமே என் தலைக்குள் ஒரு புழு நுழைந்தது. 'வண்டியில ஏதாவது பண்ணணுமே!' ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்குப் போனேன். ஒரு கடையில் அந்தச் சைலன்சரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நகை மாதிரி வைத்திருந்தார்கள். கடைப் பையன் சொன்னான்: "சார், இதைப் போட்டா வண்டி வேற லெவல்!"

மாட்டினேன். வண்டி வேற லெவல் ஆனதோ இல்லையோ, சத்தம் ஆனது. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு கார்களின் அலாரம் அலறியது. மூன்றாவது மாடி ரிடயர்டு ஜட்ஜ் பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அப்பீல் கிடையாது. அப்புறம் வண்டியை டிராக்குக்கு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போனேன். ரோட்டில் அந்தச் சத்தத்தோடு போவது சட்டப்படியும் தப்பு.

2024 பிப்ரவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்லூரியில் படிக்கும் என் மகளும் கூட வந்தாள், போட்டோ எடுக்க. கண்ணாடிகளைக் கழற்றி, விளக்குகளுக்கு டேப் ஒட்டி, வாடகைக்கு எடுத்த லெதர் சூட்டுக்குள் என்னை இரண்டு பேர் சேர்ந்து திணித்தார்கள். முதல் இரண்டு ரவுண்டு சொர்க்கம். சைலன்சர் சத்தத்தில் எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

மூன்றாவது ரவுண்டு. நீளமான நேர்பாட்டை. ஸ்பீடாமீட்டரில் 140. வளைவு வருகிறது. பிரேக் லீவரைப் பிடித்தேன்...

லீவர் நேராக வந்து கைப்பிடியில் முட்டியது. பிரேக் இல்லை.

அந்த இரண்டு நொடியில் என்னவெல்லாமோ ஞாபகம் வரும் என்பார்கள். எனக்கு ஒரே ஒருத்தன்தான் ஞாபகம் வந்தான். அவனைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். பின் பிரேக்கை மிதித்து, லீவரைப் பைத்தியம் மாதிரி திரும்பத் திரும்பப் பிடித்ததில் பாதி பிரேக் திரும்பி வந்தது. டிராக்கை விட்டு வெளியே போய், மண்ணில் உழுது, கடைசியில் வண்டியும் நானும் மெதுவாகச் சாய்ந்தோம். பத்து கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. அடி ஒன்றுமில்லை. மார்ஷல் மஞ்சள் கொடியோடு ஓடி வந்தார். தூரத்தில் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் மகள் நின்றிருந்தாள். கேமரா கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. போட்டோ எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது லாரியில் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அப்பா, சைலன்சர் மாத்தினீங்களே... பிரேக்கை யாருகிட்டயாவது காட்டினீங்களா?"

மறுநாள் புதுப்பேட்டை பக்கம் இருக்கும் பாயிடம் வண்டியைக் கொண்டுபோனேன். பாய்க்கு ஐம்பத்தைந்து வயசிருக்கும். சின்னப் பையனாக சோழவரத்தில் ரேஸ் வண்டிகளுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவர். முன் பிரேக் டப்பாவின் மூடியைத் திறந்து, சிரிஞ்சில் உறிஞ்சி, ஒரு கண்ணாடி டம்ளரில் விட்டார்.

"இன்னா சார் இது? பிரேக் ஆயிலா, டிகாக்‌ஷனா?"

காபி பவுடர் கம்பெனிக்காரன் பார்த்தால் வாங்கிக்கொண்டு போய்விடுவான், அப்படி ஒரு நிறம். எனக்கு முன்னால் வண்டி வைத்திருந்தவர் மாற்றவில்லை. நானும் மாற்றவில்லை.

பாய் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் இல்லை. காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும் ஒரு திரவம். 'டாட் 4' என்று டப்பாவில் போட்டிருக்கிறதே, அது புதுசாக இருக்கும்போது கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி சூடு வேண்டும். நூற்றுக்கு நாலு பங்குகூடத் தண்ணீர் சேர வேண்டாம், அதுவே 155-க்கு இறங்கிவிடலாம். கொதித்தால் ஆவிக் குமிழி வரும். திரவத்தை அழுத்தினால் அது பிரேக்கைத் தள்ளும். குமிழியை அழுத்தினால் குமிழிதான் சுருங்கும், லீவர் கையோடு வரும். ரோட்டில் அவ்வளவு சூடு ஏறாது, அதனால் வருஷக்கணக்கில் தெரியாது. டிராக்கில் மூன்றாவது ரவுண்டில் தெரிந்துவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. வேகம் ஒன்றரை மடங்குகூட ஆக வேண்டாம், நூறிலிருந்து நூற்று நாற்பதுக்குப் போனாலே, நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய சூடு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். குதிரையைக் கூட்டிக்கொண்டே போனால் கடிவாளத்தின் கதி என்ன? நான் குதிரைக்குச் சலங்கை கட்டிவிட்டு, கடிவாளத்தைக் கரையானுக்குக் கொடுத்திருந்தேன்.

"சைலன்சர் இன்னா வெலை?" என்றார் பாய்.

"நாப்பத்தஞ்சு."

"ஆயிரமா?"

"ஆமா."

"பிரேக் ஆயில் டப்பா முந்நூறு ரூபா சார்."

அதற்கு மேல் அவர் திட்டவில்லை. டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு டீ சொல்லப் போனார்.

மண்ணில் உழும்போது ஞாபகம் வந்தவனைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே... 1994-ல் என் ஹாஸ்டல் அறைத் தோழன். இரண்டு ஸ்ட்ரோக் வண்டி ஒன்று வைத்திருந்தான். எங்கள் கண்ணுக்கு அது ஐராவதம். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் அறுநூறு ரூபாய் செலவு செய்து என்ஜினை 'டியூன்' பண்ணினான், சைலன்சரைக் குடைந்தான். "முன் பிரேக் கட்டை தேய்ஞ்சு போச்சுடா, அடுத்த மாசம் மாத்திடணும்" என்றும் சொல்லிக்கொண்டிருந்தான். கட்டை அப்போது ஐம்பதோ அறுபதோ ரூபாய். கோவளம் போகும் சாலையில், ஒரு சாயங்காலம், ஒரு மாட்டு வண்டி. அடுத்த மாசம் அவனுக்கு வரவில்லை.

முப்பது வருஷம் கழித்து அதே தப்பை ஏழுபத்தைந்து மடங்கு செலவில் நான் செய்திருக்கிறேன். பாய் கடைப் பெஞ்சில் டீ ஆறிக்கொண்டிருந்தது. "பாய், நீங்களே சொல்லுங்க. எதை முதல்ல பண்றது?" என்றேன்.

விரலை மடக்கினார். "நிக்கணும். புடிக்கணும். திரும்பணும். அப்பால ஓடணும். இந்த ஆர்டர்ல செலவு பண்ணு சார்."

நிற்பதற்கு: பிரேக் ஆயில் புதுசு. இனிமேல் ஒவ்வொரு டிராக் டேக்கும் முன்னால் புதுசு. உலோகத் தூளை இறுக்கிச் செய்த சின்டர்டு பேட். சூட்டைத் தாங்கும். ரப்பர் ஹோஸுக்குப் பதில் ஸ்டீல் கம்பி பின்னிய ஹோஸ். ரப்பர், அழுத்தத்தில் லேசாக உப்பும். கம்பி பின்னல் உப்ப விடாது, விரலின் அழுத்தம் அப்படியே பிரேக்குக்குப் போய்ச் சேரும். எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள் முடிந்தது.

பிடிப்பதற்கு: டயர். பாய் டயரின் பக்கவாட்டைத் துடைத்து ஒரு எண்ணைக் காட்டினார்: 2219. "இது இன்னா தெரியுமா? டயருக்கு ஜாதகம். 2019-ல இருபத்தி ரெண்டாவது வாரம் பொறந்தது." பட்டன் இன்னும் தேயாமல் இருந்தது. அதை வைத்து நான் 'புதுசு மாதிரி' என்று நினைத்திருந்தேன். வயசானால் ரப்பர் இறுகிவிடும். பார்க்க ஆள் ஜம்மென்று இருப்பார், முட்டி மடங்காது. என்னை மாதிரி. ஒரு டயர் எந்த நேரத்திலும் தரையைத் தொடுவது உள்ளங்கை அகலம்தான். குதிரை நாற்பத்து மூன்றோ நானூறோ, எல்லாம் அந்த உள்ளங்கை வழியாகத்தான் போக வேண்டும். நல்ல பிடிப்புள்ள டயர் ஒரு ஜோடி போட்டேன். காற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. டிராக்கில் டயர் சூடேறினால் காற்றழுத்தமும் ஏறும். அதனால் ரோட்டு அளவைவிடக் கொஞ்சம் குறைத்து, டயர் கம்பெனி சொல்கிற அளவில் ஆரம்பிக்க வேண்டும். அதற்கு ஒரு பிரஷர் கேஜ் போதும்.

திரும்புவதற்கு: ஷாக் அப்சார்பர். உடனே நான் வெளிநாட்டு ஷாக் அப்சார்பர் விலையை விசாரிக்க போனை எடுத்தேன். பாய் கையைப் பிடித்துக்கொண்டார். "முதல்ல உன் வெயிட்டுக்கு இதை செட் பண்ணுவோம் சார். அதுக்குக் காசு வாணாம்."

லெதர் சூட், ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு என்னை வண்டியில் உட்கார வைத்து, டேப் பிடித்து அளந்தார். சக்கரம் தரையில் படாதபோது ஒரு அளவு, நான் உட்கார்ந்ததும் ஒரு அளவு. வித்தியாசம் 48 மில்லிமீட்டர். டிராக்குக்கு முப்பது, முப்பத்தைந்துக்குள் இருக்கணுமாம். "கம்பெனிக்காரன் மனசுல வெச்ச ஆள் நீ இல்ல சார்" என்று என் வயிற்றைப் பார்க்காமல் சொன்னார். அந்த நாகரிகத்துக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஸ்பேனரால் ஸ்பிரிங்கைச் சில பல் இறுக்கினார். ஐந்து நிமிஷ வேலை. வண்டி பின்னால் உட்கார்ந்துகொண்டு முரண்டு பிடித்தது நின்றுபோய், சொன்ன பக்கம் திரும்பியது.

ஓடுவதற்கு: கடைசி விரல். சைலன்சர் என்று நினைத்தீர்களா? இல்லை. முன்னால் செயின் ஓடும் ஸ்பிராக்கெட்டில் பதினைந்து பல். அதைப் பதினாலாக்கினார். பின்னால் அதே 45 பல்தான். ஒரு பல் குறைந்ததில் எல்லாக் கியரிலும் இழுவை ஏழு சதவீதம் கூடியது. உச்ச வேகம் அதற்கேற்பக் குறையும். "நீ ஆறாவது கியரை முழுசா எங்க புடிக்கிற? அங்க தூங்குற பலத்தை வளைவு தாண்டி வாங்கிக்க" என்றார். விலை எண்ணூறு ரூபாய்.

"அப்ப இந்தச் சைலன்சர்?" என்றேன், சின்னக் குரலில்.

"அது தப்பு இல்ல சார். அது ரேஸ்காரனுக்கு. கம்ப்யூட்டர்ல பெட்ரோல் கணக்கை அதுக்குத் தக்கன மாத்திப் போட்டா ஒரு குதிரை வரும். எடையும் மூணு கிலோ கம்மி. அரை நொடில கப்பு போறவனுக்கு அது பெருசு. நீ வளைவுக்கு நூறு மீட்டர் முன்னாலயே பயந்து கைய விட்டுடுற. உனக்கு எதுக்கு?"

உண்மைதான். பன்னிரண்டு வளைவு. ஒவ்வொன்றிலும் அரை நொடி தயங்கினால் ஒரு சுற்றுக்கு ஆறு நொடி. எந்தச் சைலன்சரும் அதைத் திருப்பித் தராது. ஆக, அடுத்த செலவு வண்டிக்கில்லை, ஓட்டுகிறவனுக்கு. ஒரு நாள் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். சைலன்சர் விலையில் பாதிகூட ஆகவில்லை. கீத் கோட் என்ற அமெரிக்கர் 1980-ல் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்த பைக் பள்ளிக்கூடம் உலகப் பிரசித்தம். அவர் 1983-ல் எழுதிய 'எ ட்விஸ்ட் ஆஃப் தி ரிஸ்ட்' புத்தகத்தில் கவனத்தைப் பத்து டாலர் நோட்டுக்கு ஒப்பிடுகிறார். புதுசாகக் கற்கும் வேலைக்கு அதிலிருந்து நிறைய செலவாகும். பழகப் பழக அதே வேலைக்குச் சில்லறை போதும். மிச்சத்தை வேறு விஷயத்துக்குச் செலவு செய்யலாம். முதல் நாள் என் பத்து டாலரில் ஒன்பது சைலன்சர் சத்தத்தைக் கேட்பதிலேயே போயிருந்தது!

அடுத்த டிராக் டேக்குப் பழைய சைலன்சரை மாட்டிக்கொண்டு போனேன். முதல் தடவை ஒரு சுற்றுக்கு 2 நிமிஷம் 41 நொடி. இந்தத் தடவை 2 நிமிஷம் 26 நொடி. நாற்பத்து மூன்று குதிரையில் ஒன்றுகூடக் கூடவில்லை. பதினைந்து நொடி குறைந்தது. எட்டாவது ரவுண்டிலும் லீவர் கல்லு மாதிரி நின்றது. சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லைதான். என்னைவிடச் சின்னப் பசங்கள் என்னை இடப்பக்கமும் வலப்பக்கமும் தாண்டிப் போய்க்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால், வேலிக்குப் பின்னாலிருந்து என் மகள் இந்தத் தடவை போட்டோ எடுத்தாள்.

இதோடு விட்டிருக்கலாம். எனக்குக் கணக்கில் ஆசை அதிகம். ஒரு ராத்திரி சாப்பாட்டு மேஜையில் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன். வண்டி 170 கிலோ. நான் 88. ஹெல்மெட், சூட், பூட்ஸ் எல்லாம் 10. மொத்தம் 268. அதை 43 குதிரையால் வகுத்தால், ஒரு குதிரை இழுப்பது ஆறேகால் கிலோ. அப்படியானால் எடையில் ஆறு கிலோ குறைந்தால், கிட்டத்தட்ட ஒரு குதிரை கூடின மாதிரி! சைலன்சரால் வருவது ஒரு குதிரையும், எடையில் ஒரு அரைக் குதிரையும். ஒரு குதிரை முப்பதாயிரம் ரூபாய் ஆகிறது.

இந்த மகத்தான கண்டுபிடிப்பை வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பு.

"அப்படியா?" என்றாள் மனைவி. மேஜையிலிருந்த மெதுவடைத் தட்டு மெல்ல நகர்ந்து சமையலறைக்குப் போனது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குதிரை வளர்ப்புத் திட்டம் அமலில் இருக்கிறது. காலையில் பார்க்கில் நடை. ராத்திரி இரண்டு சப்பாத்தி. பாத்ரூம் வாசலில் எடை மிஷின். இதுவரை நான்கு கிலோ குறைந்திருக்கிறது. "முக்கால் குதிரை வரலைங்க, இன்னும் கொஞ்சம்" என்று மிஷினைக் குனிந்து பார்த்துச் சொல்கிறாள்.

போன மாசம் என் மகள் தனக்கென்று ஒரு 150 சி.சி. வண்டி வாங்கினாள். டிராக் டேக்குப் பேரும் கொடுத்துவிட்டாள். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. காட்டிக்கொள்ளாமல், "சைலன்சர் ஏதாவது மாத்தணுமாம்மா?" என்று கேட்டேன். ஒரு ஆழம் பார்க்கத்தான்.

அவள் பதில் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். டாட் 4. சீல் உடைக்காதது. அடியில், தயாரித்த தேதியைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருந்தாள்.

"நாளைக்கு பாய் கடைக்குப் போகணும்பா. டயர் தேதியும் பார்த்துட்டேன். சைலன்சரா? அது இருக்கட்டும், பரண்ல" என்றாள்.

அந்த டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1994-ல் ஹாஸ்டல் அறையில் இப்படி ஒருத்தர் ஒரு பிரேக் கட்டையை வாங்கி வந்து மேஜைமேல் வைத்திருக்கலாம். நானே வைத்திருக்கலாம். என்னிடம் அன்றைக்கு அறுபது ரூபாய் இருந்தது.

"என்ன, கண்ணு கலங்குது?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

"ஒண்ணுமில்ல. பசி" என்றேன்.

"பொய் சொல்லாதீங்க" என்றாள். ஆனால் ஒரு வடை வந்தது. அரைக் கிலோ பரவாயில்லையாம்.